காலமோ, கன்மமோ, கருத்தா?

துன்பம் உண்டென்பதில் சமயவாதியர்க்குள்ளே வழக்கில்லை. அது யாது காரணத்தான் வந்தது, அதனை நுகர்வான் யாவன், அது நீங்குமோ நீங்காதோ என்னும் இம்மூன்றிடத்தேதான் வழக்கெல்லாம் நிகழ்கின்றது. பூதங்களின் கூட்டத்திலே தற்செயலாய் எழுவது அது என்பான் உலகாயதன். தோன்றியன யாவும் துன்பமே, ஆயினும் அதனை நுகரும் நிலைத்த ஆன்மா ஒன்றில்லை என்பான் பௌத்தன். செய்த கன்மமே பயனைத் தரும், தருவான் ஒருவன் வேண்டா என்பான் மீமாஞ்சகன். துன்பமும் அதனை நுகர்வானும் மயக்கத்தால் வந்த தோற்றமாத்திரையே என்பான் மாயாவாதி. இவ்வழக்குகள் தருக்க நூல்களின் ஏட்டிலேயே அடங்கிக் கிடந்தன அல்ல. இதிகாசத்தின் வாயிலாகவும், கூத்தின் வாயிலாகவும், பிற்காலத்தே தொலைக்காட்சியின் வாயிலாகவும் பொதுமக்கள் முன் வந்து நின்றன. அவ்வாறு வந்தவற்றுள் மிகப் பெருங் கூட்டத்தாரை எட்டியது மகாபாரதத் தொடரேயாகும்.

பி. ஆர். சோப்ரா தயாரிக்க, அவர் மைந்தர் இரவி சோப்ரா இயக்க, இராகி மாசூம் ரசா உரையாடல் எழுத, 94 பகுதிகளாக அமைந்த அத்தொடர் 1988 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் தூர்தர்ஷனிலே தொடங்கி, 1990 இல் முடிவெய்தியது. ஞாயிறுதோறும் முற்பகலில் நிகழ்ந்த அதனை இந்தி மொழி அறியாத தென்னாட்டாரும் விடாது கண்டனர். கதை முன்னரே தெரிந்ததாகலின் மொழி பெருந்தடையாயிற்றில்லை. 2020 இல் பெருந்தொற்றினால் மக்கள் வீட்டகத்தே அடங்கியிருந்த காலத்து அது மீளவும் ஒளிபரப்பப்பட்டது. முன்பு கண்டோர் தம் பேரக்குழந்தைகளோடு மறுபடியும் கண்டனர்.

அத்தொடரின் அமைப்பிலே சைவ நூல் பயின்றோர் உற்று நோக்கற்பாலது ஒன்றுண்டு. மூலநூலில் வைசம்பாயனர் சனமேசயனுக்குக் கதை கூறுகின்றார். அதனைக் கேட்ட சூதர் நைமிசாரணியத்து முனிவர்க்குக் கூறுகின்றார். தொடரிலோ கதை கூறுவது காலம். சுழலும் சக்கரக் காட்சியினூடே ஒரு குரல் எழுந்து, தன்னைக் காலமென்று அறிவித்துக்கொண்டு, நடந்ததும் நடக்கப்போவதும் அறிந்ததாய்க் கதையை நடாத்திச் செல்லும். அரிஷ் பிமானி என்பார் அக்குரலைக் கொடுத்தார். முகமும் உருவமும் இன்றிக் குரல்மாத்திரமாய் நின்ற அக்காலத்தை மறந்தவர் அத்தொடரைக் கண்டாருள் ஒருவரும் இலர் எனலாம். நாடகத்துக்கு அது சிறந்த உத்தியே. ஆயின், சூதாட்டமும் வனவாசமும் பதினெட்டு நாட் போரும் காலத்தின் வாயினின்றே வருதலைக் கேட்டிருந்தோர் உள்ளத்தில், இத்தனை துன்பத்துக்கும் காலமே கருத்தா என்னும் எண்ணம் மெல்லப் படிதல் இயல்பு. இவ்வெண்ணம் தொடரை எழுதினோர் புதிதாய்ப் படைத்ததன்று. ஆதி பருவத்திலே மைந்தரை இழந்து புலம்பும் திருதராட்டிரனைச் சஞ்சயன் தேற்றுமிடத்துக் காலத்தின் வலியே விரித்துரைக்கப்படுகின்றது. காலவாதம் என்னும் மதம் மிகப் பழையது.

விருத்தாசலத்தைச் சூழ்ந்த நாட்டார்க்குப் பாரதம் தொலைக்காட்சியால் அறிமுகமானதன்று. பழைய தென்னார்க்காட்டுப் பகுதி திரௌபதியம்மன் வழிபாட்டுக்குத் தாயகம் போன்றது. ஊர்தோறும் பாரதம் படித்தலும், இரவிலே கூத்தாடுதலும், இறுதியில் தீமிதித்தலும் அங்கு வழிவழி வந்தவை. அக்கூத்திலும் கதை நடத்துவான் ஒருவன் உளன், அவன் கட்டியங்காரன். அரசன் வருகின்றான் என்று கூவி அறிவிப்பான், இடையிடையே நகையாடுவான், முன்கதை பின்கதை சொல்லி இணைப்பான். கட்டியங்காரன் கூவியதனாலேயே துரியோதனன் வந்தான் என்று எவரும் கருதுவதில்லை. தொலைக்காட்சித் தொடர் காலத்தை வைத்த இடம் இக்கட்டியங்காரனுடைய இடமே என்று கொள்ளின் இடர்ப்பாடு யாதுமில்லை. அவனை அரசனென்று மயங்குமிடத்தேதான் பிழை நுழைகின்றது.

பாரதத்துள் துன்பத்தைப் பற்றிய வழக்கு இருவிடத்தே முதிர்ந்து நிற்கின்றது. முதலாவது வன பருவத்திலே திரௌபதிக்கும் தருமனுக்கும் நிகழ்வது. அறம் தன்னைக் காப்பாரைக் காக்கும் என்று கேட்டிருக்கின்றேன், அஃது உம்மைக் காக்கக் கண்டிலேன் என்று தொடங்குகின்றாள் அவள். மரப்பாவையை ஆட்டுவான் போல இறைவன் உயிர்களை ஆட்டுகின்றான்; சிறுபிள்ளை விளையாட்டுப் பொருள்களைச் சேர்த்தும் பிரித்தும் ஆடுதல்போல அவன் உயிர்களைக் கூட்டியும் பிரித்தும் ஆடுகின்றான்; தாய்தந்தையர்க்குரிய பரிவு அவனிடத்தே காணப்படவில்லை என்று அவள் துணிந்து பேசுகின்றாள். தருமனோ, பயன் கருதி யான் அறஞ்செய்திலேன், செய்யத்தக்கது என்றே செய்தேன், நாத்திகம் பேசற்க, படைத்தோனை இகழற்க என்று மறுக்கின்றான். பின்னர் அவளும், துன்பத்தின் மிகுதியாற் புலம்பினேனென்று கொள்க என்கின்றாள்.

தருமன் கூற்று உயர்ந்ததே. எனினும் அவள் வினாவுக்கு அது விடையாயிற்றா என்பது ஆராயத்தக்கது. அவள் வினாவியது இறைவனுக்குப் பரிவுண்டோ இல்லையோ என்பது. அவன் கூறியது தான் அறத்தை விடமாட்டான் என்பது. சபையிலே கூந்தல் பற்றி ஈர்க்கப்பட்ட ஒருத்தி கேட்ட கேள்வியை நாத்திகமென்று பெயரிட்டு ஒதுக்குதல் எளிது, விடைகூறுதல் அரிது. விடை கூறியவர் அருணந்தி சிவாசாரியர். 13 ஆம் நூற்றாண்டிலே அவர் அருளிய சிவஞான சித்தியாரின் சுபக்கத்து முதற் சூத்திரத்திலே இவ்வினா எழுப்பப்படுகின்றது. இறைவன் ஐந்தொழில் செய்தற்குக் காரணம் யாதெனின், அதனை விளையாட்டென்று கூறுதலும் பொருந்தும் என்று முதலிற் கூறி, அவ்வளவில் நில்லாது, உயிர்களுக்குப் போகமும் முத்தியும் வழங்குதலும், அவற்றைப் பற்றிய மலங்களைத் துடைத்தலும் ஆகிய அருட்செயலே அது என்கின்றார். அழித்தல் பிறந்திறந்து இளைத்த உயிரை இளைப்பாற்றுதலாகவும், ஆக்குதல் வினையைக் கழிப்பித்தலாகவும், காத்தல் வினைப்பயனை நுகர்வித்தலாகவும் அவரால் விளக்கப்படுகின்றன. பாவையை ஆட்டுவானுக்குப் பாவையால் வரும் பயன் தன் மகிழ்ச்சியே, பாவைக்கு யாதுமில்லை. ஐந்தொழிலின் பயனோ முழுதும் உயிரையே சாரும், இறைவனுக்கு யாதுமில்லை. ஆகலின் திரௌபதி கூறிய உவமை தலைகீழாய் நிற்கின்றது என்பது சித்தாந்தத்தின் விடை. அவள் வேண்டிய தாய்தந்தையரின் பரிவுதானும் அந்நூலில் இல்லாமற் போகவில்லை. சொற்கேளாத மக்களைப் பெற்றோர் உறுக்கியும் அடித்தும் திருத்துதலும் பரிவேயாதல்போல ஈசன் முனிவும் என்று அவர் அதனையே எடுத்துக்காட்டுகின்றார்.

இரண்டாவது வழக்கு அநுசாசன பருவத்தின் தொடக்கத்திலுள்ளது. பாரதம் கேட்போர் பலர் செவியில் அது விழுவதில்லை. போர் முடிந்தபின் கதை முடிந்ததென்று எழுந்து போதல் வழக்கமாகலின். அம்புப் படுக்கையிலே கிடக்கும் வீடுமரைக் கண்டு, இத்துன்பம் என்னால் வந்ததே என்று தருமன் ஆற்றாது வருந்துகின்றான். அவனுக்கு வீடுமர் ஒரு பழங்கதை உரைக்கின்றார்.

கௌதமி என்னும் முதியவள் ஒருத்தி, அடக்கம் மிக்கவள். அவள் மகன் பாம்பு தீண்டி இறந்தான். அருச்சுனகன் என்னும் வேடன் சினந்து அப்பாம்பைப் பிடித்து, நரம்புக் கயிற்றாற் கட்டி அவள்முன் கொணர்ந்து, இதனை எரியில் இடுவேனோ, துண்டமாய் வெட்டுவேனோ, சொல் என்றான். விடுக, இதனைக் கொன்றால் என் மகன் எழுவானோ என்றாள் அவள். பகையைக் கொல்லுதல் அறமென்று வேடன் பல எடுத்துக்காட்டினான். அவள் இசைந்திலள். அப்பொழுது கயிற்றாற் கட்டுண்டு நொந்த பாம்பு மெல்ல மனிதர் மொழியில், என்பாற் குற்றம் யாது, நான் சினந்தும் கடித்திலேன், விரும்பியும் கடித்திலேன், கூற்றுவன் ஏவினான் என்றது.

இவ்விடத்தே வேடன் கூறும் உவமை குறிக்கொளற்பாலது. மட்கலம் வனையுமிடத்துக் கோலும் திரிகையும் முதலியன காரணங்களாகவே எண்ணப்படும்; அதுபோல நீயும் இவன் சாவுக்குக் காரணமே, ஆகலிற் கொல்லப்படுவாய் என்றான் அவன். பாம்பு அவ்வுவமையையே பற்றிக்கொண்டு, கோலும் திரிகையும் தம்வயமுடையன அல்ல, யானும் அத்தகையேன், ஆகலின் என்பாற் குற்றமில்லை என்றது. ஒரே திரிகையை ஒருவன் குற்றத்துக்கும் மற்றொன்று குற்றமின்மைக்கும் சான்றாக்கின. வழக்கு இவ்வாறு நிகழுங்கால் கூற்றுவன் தோன்றினான். முகிலைக் காற்றுச் செலுத்துமாப்போலக் காலம் என்னைச் செலுத்திற்று. நானும் குற்றமிலேன் என்றான். பின்னர்க் காலமே வந்தது. நானும் அல்லேன், கூற்றுவனும் அல்லன், பாம்பும் அன்று. இக்குழவி முன்செய்த கன்மமே இதனைக் கொன்றது என்று அது தீர்ப்புரைத்தது. மண்திரளைக்கொண்டு செய்வான் வேண்டியவாறு வனைதல்போல, தான் செய்த கன்மத்தைத் தானே மனிதன் எய்துகின்றான் என்று மீளவும் குயவன் உவமையையே காலம் கூறிற்று. அதுகேட்ட கௌதமி, என் மகன் தன் கன்மத்தால் இறந்தான்; மகனை இழத்தற்கேற்ற கன்மத்தை நானும் செய்திருக்கின்றேன்; காலமும் கூற்றுவனும் செல்க; அருச்சுனகா, பாம்பை விடுக என்றாள்.

தொலைக்காட்சியிலே கதை நடத்திய காலம், மூலநூலிலே தன் வாயாலேயே தான் கருத்தா அல்லேன் என்று ஒப்புக்கொள்ளும் இடம் இது. காலவாதிக்கு இதனின் மேற்பட்ட மறுப்பு வேண்டா.

ஆயினும் வழக்கு முடிந்துவிட்டதா? பாம்பு கூற்றுவனைச் சுட்டிற்று. கூற்றுவன் காலத்தைச் சுட்டினான். காலம் கன்மத்தைச் சுட்டிற்று. கன்மம் ஒன்றுதான் அங்கு வந்து வாய்திறவாதது. என்னை? அது சடம். சடமாகிய ஒன்றினிடத்தே வழக்கை விட்டுவிட்டு மன்றத்தார் எழுந்துபோயினர். மட்கல உவமை மும்முறை கூறப்பட்டும் குயவன் யாண்டுளன் என்று எவரும் வினவிற்றிலர். கோல் யான் என்றது பாம்பு. மண் முதலியவை பேசப்பட்டன. செய்வான் என்னும் இடத்திலே காலம் மனிதனையே நிறுத்திற்று. மனிதன் தன் வினையைச் செய்தான் என்பது உண்மையே; ஆயின் அவ்வினையின் பயன் இன்ன காலத்து, இன்ன இடத்து, இன்ன பாம்பின் வாயிலாக வருக என்று அவன் வகுத்தானா? வகுக்க வல்லானாயின் எவனும் தனக்கு இன்பத்தையே வகுத்துக்கொள்வான். மகனைப் பாம்புக்குக் கொடுக்கும் தாய் ஒருத்தியும் இராள். இது மீமாஞ்சகர்க்கும், கன்மத்தை நுண்பொருளாகக் கொள்ளும் ஆருகதர்க்கும் ஒருங்கே பொருந்தும் தடை.

சித்தாந்தம் இவ்வெற்றிடத்தையே நிரப்புகின்றது. காலத்தைக் கடவுளாகக் கொண்டாலோ என்னும் வினாவைச் சித்தியார் வெளிப்படையாகவே எடுத்து, காலம் அறிவில்லாதது. ஆயினும் காரியங்கள் காலத்தையின்றி நிகழாமையின், இறைவன் ஏவலால் அது துணைக்காரணமாய் நிற்கும் என்று வரையறுக்கின்றது. முப்பத்தாறு தத்துவங்களுள் வித்தியா தத்துவம் ஏழில் ஒன்றாகக் காலம் எண்ணப்படுவதும் இக்கருத்துப் பற்றியே. அதனையடுத்து வரும் நியதி, செய்தவனுக்கே வினைப்பயன் சென்று சேருமாறு வரையறுப்பது, அதுவும் சடமே. கன்மமும் சடம். உயிர் அறிவுடையதாயினும் தன்வினைப் பயனைத் தானே அறிந்தெடுத்து நுகரமாட்டாதது. எனவே இவற்றையெல்லாம் அறிந்து கூட்டுவான் முற்றறிவுடைய ஒருவன் வேண்டப்படுகின்றான். குடத்துக்கு மண் முதற்காரணம்; திரிகையும் கோலும் துணைக்காரணம்; குயவன் நிமித்தகாரணம். அவ்வாறே உடல் கருவி உலகு நுகர்பொருள்கட்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்தகாரணன் என்பது ஆசிரியர் பலரும் காட்டும் வழி.

விருத்தாசலத்திலே இவ்வுவமையை ஏட்டிற் படிக்கவேண்டுவதில்லை. அவ்வூர் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. தொழிற்பேட்டையும் அத்தொழில் பயிற்றும் அரசினர் கல்விக்கூடமும் அங்குள்ளன. அகல் விளக்கும், கொலுப் பொம்மையும், மின்கம்பிகளுக்குரிய பீங்கான் கட்டைகளும் அங்கு உருவாகின்றன. வெண்களிமண்ணைக் குழம்பாக்கிச் சுண்ணச் சாந்து அச்சிலே வார்ப்பர்; அச்சு நீரை உறிஞ்ச, மண் உள்ளே தோலெனப் படிந்து உருப்பெறும். பிதுக்கம் சீவி, உலரவைத்துப் பின்னர்ச் சூளையிலிடுவர். உலர்ந்ததேனும் சுடாத பொம்மையை நீரிலிட்டால் மறுபடியும் சேறாகும். வெப்பம் ஐந்நூறு அறுநூறு பாகையளவு ஏறும்போது களிமண்ணின் அணுவோடு பிணைந்திருந்த நீர் நீங்குகின்றது. அதன்பின் அது நீரிற் கரைவதில்லை. ஆயிரம் பாகைக்கு மேலே ஏறியபின்னரே அது கலமென்று வழங்குதற்குரிய உறுதி பெறும். வெப்பம் மிகையாயின் உரு வளையும். குறையின் கலம் வலியற்று ஒழியும். விரைந்து ஏற்றினும் விரைந்து ஆற்றினும் வெடிக்கும். எனவே சூளையைக் காப்பான் நெருப்பை அளந்தே ஊட்டுகின்றான். ஒவ்வொரு கலத்துக்கும் அதன் கனத்துக்கும் மண்ணுக்கும் ஏற்ற அளவு வேறு.

திரிகை போய் அச்சும் பொறியும் வந்தமையால் குயவன் வேண்டா என்றாயிற்றோ எனின், இல்லை. துணைக்கருவிகள் பெருகப் பெருக அவற்றைக் கூட்டும் அறிவு மிகுதியும் வேண்டப்படுகின்றது.

இச்சூளையை மலபரிபாகத்துக்கு உவமையாக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். உவமையை எல்லை கடந்து செலுத்தலாகாது. உயிர் மண் அன்று. சித்தாந்தத்தில் மண்ணுக்கு நேராவது மாயையே. மாயையிலிருந்து வனையப்படுவது உடலும் உலகுமே. உயிர் வனையப்படுவதன்று, அநாதி. அதன் துன்பத்துக்கு அடியாகிய ஆணவமும், செம்பிற் களிம்பு போல, அநாதியே. முதற் கன்மம் எப்படி வந்தது என்னும் வினாவுக்கு இங்கேதான் விடையுள்ளது. கன்மத்துக்கு முன்னே உயிரின் அறிவை மறைத்துநின்ற ஆணவம் உளது. அதனை முதிர்வித்துக் கழிப்பதற்காகவே உடலும் வினைநுகர்ச்சியும் கூட்டப்பட்டன. நெருப்பு மண்ணை வருத்தவேண்டும் என்பதற்காகச் சூளை மூட்டப்படுவதில்லை. பச்சை நீங்குதற்காகவே மூட்டப்படுகின்றது. உவமை பொருந்தும் அளவு இவ்வளவே. மண் நோவாது, உயிர் நோகும். அந்நோவு மெய்யான நோவே என்பது சித்தாந்தத்தின் துணிபு. அதனைத் தோற்றமென்று சொல்லித் தாயைத் தேற்றுதல் இங்கு இல்லை.

நோவு மெய்யாயின், அதனை ஊட்டுவான் கொடியவன் ஆகானோ என்பது அடுத்த தடை. மருத்துவன் சில பிணிகளை அறுத்தும் கீறியும் தீர்க்கின்றான். சிலவற்றைப் பாலும் சருக்கரையும் கொடுத்துத் தீர்க்கின்றான். இறைவனும் அவ்வாறே இன்பமும் துன்பமும் அருத்தி வினையைக் கழிக்கின்றான் என்பது சித்தியாரின் விடை. இங்குப் பலர் துன்பத்தை மட்டும் வினைப்பயன் என்று பேசுவர். இன்பமும் அம்மருந்தே என்பதனை மறந்துவிடுகின்றனர். செல்வன் தன் செல்வத்தை மருந்தென்று எண்ணி அளந்துண்ணக் காண்பது அரிது.

இவ்வளவும் நூற்பொருள். இதனை வாழ்க்கையிலே கையாளுமிடத்தே பெரியதொரு தவறு நிகழ்கின்றது. சைவர் இல்லங்களிலும் நிகழ்தலால் அதனை மறையாது கூறுதல் வேண்டும். மகனை இழந்தாள் ஒருத்தியிடம் சென்று, எல்லாம் முன்வினை, அநுபவித்தே தீரவேண்டும் என்று உரைத்துவிட்டு எழுந்துவருதல் சித்தாந்தம் கற்றமையின் அடையாளமாகப் பலர்க்குத் தோன்றுகின்றது. கௌதமியின் கதையை மீண்டும் நோக்குக. கன்மத்தைப் பற்றிய தீர்ப்பைக் கூறியது காலம். ஆயின் அதனைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு கூறியவள் அவளே. மகனை இழத்தற்கேற்ற வினையை நான் செய்தேன் என்று அவள் தன்னைக் குறித்துச் சொன்னாள். வேடன் அவளைப் பார்த்து அதனைச் சொல்லியிருந்தால் கதை வேறாகியிருக்கும். கன்மக் கொள்கை தன் துன்பத்தைப் பொறுத்தற்கு நுகர்வான் கையில் உள்ள கருவி. பிறர் துன்பத்தைக் கண்டும் வாளா இருத்தற்குக் காண்பான் கையிலுள்ள சாக்கு அன்று. அவள் கூறிய மொழியிலே இன்னும் ஒன்று உளது. கட்டுண்டு வருந்திய பாம்பின் துன்பமும் அதன் கன்மமே என்று அவள் விட்டுவிடவில்லை. அதனை அவிழ்க்கச் சொன்னாள்.

அற்றேல், இறைவன் ஊட்டும் துன்பத்தைப் பிறர் நீக்க முயலுதல் அவன் ஆணைக்கு மாறாகாதோ எனின், ஆகாது. துன்பம் ஊட்டுதற்குப் பாம்பு ஒரு கருவியாயினாற்போல, அதனைத் தணித்தற்கு மருத்துவனும் சுற்றத்தாரும் கருவியாகின்றனர். இன்னானுக்கு இவ்வளவே துன்பம், இதனோடு தீர்ந்தது என்று அளந்தவன் இறைவன். அவ்வளவு தீர்ந்ததோ தீர்ந்திலதோ என்பது அயலானுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்தவன்போலக் கைகட்டி நிற்றல் இறைவனுடைய இடத்தைத் தான் பற்றிக்கொள்ளுதலேயாகும். திருவதிகையிலே திலகவதியார் செய்ததை எண்ணுக. தம்பியார் புறச்சமயம் புகுந்து சூலைநோயால் துடித்துச் சமணர் பள்ளியினின்றும் இரவிலே வந்து அடியில் வீழ்ந்தபோது, நீ செய்த வினை என்று அம்மையார் இடித்துரைத்தாரல்லர். அந்நோய் இறைவன் ஆட்கொள்ளுதற்குத் தந்தது என்பதனைப் பெரியபுராணம் நன்கு உணர்த்துகின்றது. அவ்வம்மையாரின் வேண்டுகோளே அதற்கு அடி. அங்ஙனமிருந்தும் நோயைத் தீர்த்தற்கு வேண்டியதையே உடனே செய்தார். திருநீற்றை ஐந்தெழுத்தோதிக் கொடுத்து, திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார்.

விருத்தாசலத்தை அடுத்த பெண்ணாகடத்திலும் ஒரு வரலாறு உண்டு. அச்சுத களப்பாளர் மகப்பேறின்றி வருந்தித் தம் குருவாகிய சகலாகம பண்டிதரை அடைந்தார். அவர் திருமுறையிலே கயிறு சாத்திப் பார்த்தபோது, திருஞானசம்பந்தர் திருவெண்காட்டின்மீது அருளிய பாட்டொன்று வந்தது. அத்தலத்து முக்குள நீரிலே ஆடுவார்க்குப் பிள்ளைப்பேறு உளதாம் என்பது அதன் கருத்து. களப்பாளர் மனைவியாருடன் சென்று வழிபட்டிருக்க, இறைவன் கனவிலே, இப்பிறப்பில் உனக்கு அப்பேறு இல்லை என்றார். அவ்வினைத் தீர்ப்பைக் கேட்டும், நான் சம்பந்தர் திருவாக்கை நம்பி வந்தேன் என்றார் அவர். பேறு அருளப்பட்டது. சுவேதவனப் பெருமாள் என்று பெயரிடப்பெற்ற அம்மைந்தரே பின்னர் மெய்கண்டாராய்ச் சிவஞானபோதம் அருளினார். அவருக்கு மாணாக்கராகிய சகலாகம பண்டிதரே அருணந்தி சிவாசாரியர். கன்மம் எங்கே நின்று அருளுக்கு இடங்கொடுக்கும் என்பதனைப் பன்னிரண்டு சூத்திரத்தில் வகுத்த ஆசிரியரின் பிறப்பே இவ்வாறு அமைந்தது. கன்மத்தை மறுத்து அருள் வந்ததன்று. கன்மத்தை வகுத்தவனே அருளினான். அவன் அல்லாத வேறொன்றைக் கருத்தாவாகக் கொள்ளும் காலவாதிக்கும் கன்மவாதிக்கும் இவ்வரலாறு விளங்காது. காலத்தைக் கெஞ்சி இரங்கச் செய்வார் இல்லை. கன்மத்தின்முன் திருமுறையைக் காட்டி முறையிடுவாரும் இல்லை.

2013 இல் தொடங்கிய வேறொரு மகாபாரதத் தொடர் விஜய் தொலைக்காட்சியிலே தமிழ் ஒலியோடு வந்தபோது, கதைக்கிடையே கண்ணபிரானே காண்போரை நோக்கி அறமுரைக்குமாறு அமைத்தனர். உருவமற்ற காலத்தை நீக்கி, அறிவுடைய ஒருவனை அவ்விடத்தே வைத்தது சித்தாந்தத்துக்கு ஒருபடி அணித்தாகும். அவர் உரைத்தவற்றுட் சில பள்ளிப் பாடம் போல் அமைந்தன என்பது வேறு.

திருமுதுகுன்றமாகிய விருத்தாசலத்தை விருத்தகாசி என்றும் வழங்குவர். பழமலைநாதர் திருக்கோயிலில் இருபத்தெட்டு ஆகமங்களின் பெயரால் இருபத்தெட்டு இலிங்கங்கள் உள்ளன. துன்பமும் வினையும் வீடும் ஆராய்ந்த ஆகமங்கள் ஈண்டு வழிபடப்படுகின்றன. அயலே மணிமுத்தாறு. இறந்தோர் எலும்பை அந்நீரில் இடுதற்குச் சுற்றூரார் வருகின்றனர். அவ்வெலும்பு கூழாங்கல்லாகும் என்பது அவர்கள் நம்பிக்கை. அத்தலத்திலே உயிர்விடுவோரைப் பற்றிக் கந்தபுராணத்திலே கச்சியப்ப சிவாசாரியர் கூறியிருப்பது யாவரும் அறிந்தது. இறக்குங்காலத்து அவ்வுயிரை அம்மை தன் தொடைமேற் கிடத்தி, உடுத்த ஆடையின் முன்றானையால் வீசி இளைப்பாற்றுகின்றாள். அப்பன் செவியிலே உபதேசம் செய்கின்றான். திரௌபதி காணவில்லையென்று சொன்ன தாய்தந்தையர் இவர்கள். மணிமுத்தாற்றங்கரைக்கு எலும்பு கொண்டுவருவோருட் பலர்க்குப் பதி பசு பாசம் என்னும் பெயர்களும் தெரியா. முன்றானையால் வீசுகின்ற அம்மையைத் தெரியும்.